துத்தநாகத்துக்குக் கீழே

"நான் சொன்னதும் தூக்கு. தலையணையை விட்டுடாதே" என்றாள் அவள். தம்பி அப்பாவின் தோளைப் பிடித்திருந்தான். அவள் இடுப்புக்குக் கீழே கையைக் கொடுத்திருந்தாள். ஒரே பக்கமாகக் கிடந்தால் முதுகு புண்ணாகிவிடும், அவ்வப்போது புரட்டி விடுங்கள் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அவள் தலையசைத்ததும் இருவரும் சேர்ந்து அவரை இடப்பக்கம் திருப்பினார்கள். அப்போது அவருக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. காய்ந்த சுள்ளியை மிதித்தால் வருமே, அந்த மாதிரி.

தம்பி சட்டென்று கையை எடுத்துவிட்டான். "என்னக்கா அது?"

அவளுக்குத் தெரியும். விலா எலும்பு. இருமியதில் ஒன்று ஏற்கெனவே போயிருந்தது. இது இன்னொன்று. அப்பா கண்ணைத் திறந்தார். வலி முகத்தில் ஏறி, நெற்றி வரைக்கும் போய், இறங்கியது. அது இறங்கும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டார்.

"என்ன உடைஞ்சுது? கட்டிலா, நானா?"

"கட்டில்தாம்ப்பா."

"பாத்து. ஆஸ்பத்திரிக் கட்டில். நம்ம தலையில கட்டிடப் போறாங்க."

அவர் தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். அதற்குப் பிறகு பேசியதெல்லாம் யாரிடமோ, எதற்கோ. "மூடியைப் போடு, பறக்குது பாரு" என்று ஒருமுறை சொன்னார். மத்தியானச் சாப்பாட்டு வண்டி சக்கரம் கிறீச்சிட வார்டுக்குள் நுழைந்தபோது மூச்சு நின்றிருந்தது. அம்மா கால்மாட்டில் உட்கார்ந்து, இடது கையால் அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வலது கை மாவுக்கட்டில் இருந்தது. வண்டிக்காரி தட்டை வைக்கக் குனிந்தவள், முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

அம்மா அழவில்லை. "காலு இன்னும் சூடாத்தான் இருக்கு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே சொன்னாள்.

தெருவில் அப்பாவுக்குப் பெயர் மாவுமில்லு. அவருக்கும் மாவு மில்லுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அவர் வேலை பார்த்தது பாட்டரி ஃபேக்டரியில். அங்கே இரண்டு பவுடர், பச்சை ஒன்று, வெள்ளை ஒன்று. பச்சை நிக்கல், வெள்ளை காட்மியம். அப்பா வெள்ளைப் பக்கம். மூட்டையைப் பிரித்துத் தொட்டியில் கொட்டிக் கலந்து, தகட்டில் அப்பி, அழுத்தும் எந்திரத்துக்குத் தள்ளிவிடுவது அவர் வேலை. அவர் சைக்கிளில் வீடு திரும்பும்போது புருவம், காது மடல், சட்டை மடிப்பு எல்லாம் வெள்ளையாக இருக்கும். "மாவுமில்லு, எங்களுக்கும் ரெண்டு படி அரைச்சுக் குடேன்" என்று டீக்கடையில் கேலி செய்வார்கள். அவரும் சட்டையைத் தட்டி, "எடுத்துக்கோ, இனாம்" என்பார். வீட்டுக்கு வந்ததும் அம்மா அந்தச் சட்டையைப் பின்வாசலில் வைத்து உதறுவாள். தூசு அடங்குவதற்கு நேரம் பிடிக்கும்.

அவள் பள்ளி இறுதி வகுப்பில் இருந்தபோது ஃபேக்டரி ஆண்டு விழாவில் தொழிலாளர் பிள்ளைகளுக்கெல்லாம் ஒரு பெரிய படம் கொடுத்தார்கள். தனிமங்களின் அட்டவணை. வழவழப்பான தாள். மேலே ஃபேக்டரியின் முத்திரை. நூற்றுச் சொச்சம் கட்டங்களில் இரண்டுக்கு மட்டும் தங்க நிறம் பூசியிருந்தது. நிக்கல், காட்மியம். அப்பா அதைச் சாப்பிடும் இடத்துக்கு நேரெதிரே சுவரில் ஆணி அடித்து மாட்டினார். சாப்பிடும்போது அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார். உலகத்தை ஆக்கிய சரக்கையெல்லாம் வரிசையாக எழுதி வைத்த இடத்தில் தன் பவுடரும் இருப்பது அவருக்குப் பெரிய விஷயம்.

"இந்த நாப்பத்தெட்டுன்னு போட்டிருக்கானே, அது என்ன?"

"அணு எண்ப்பா. ஓர் அணுவுக்கு நடுவுல உட்கரு இருக்குமில்ல, அதுக்குள்ள நாப்பத்தெட்டு புரோட்டான். சுத்தி நாப்பத்தெட்டு எலக்ட்ரான்."

"நம்ம வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட அவ்ளோ பேர் வரலை. அதுல ஒருத்தன் கோவிச்சிட்டுக் கெளம்பிட்டா?"

"எலக்ட்ரான் போனா பரவாயில்ல, அது காட்மியம்தான். புரோட்டான் ஒண்ணு குறைஞ்சா காட்மியமே இல்ல. நாப்பத்தேழு வெள்ளி."

அப்பா கையில் எடுத்த கவளத்தை அப்படியே வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தார். தங்கக் கட்டத்துக்கு இடப்பக்கம் ஒட்டினாற்போல் வெள்ளி இருந்தது.

"பாத்தியா. ஒண்ணே ஒண்ணுல கோட்டை விட்டுட்டோம். இல்லேன்னா உங்கப்பன் இந்நேரம் வெள்ளி வியாபாரி."

அவர் பல நாள் எல்லோரிடமும் அதைச் சொல்லிச் சிரித்தார். ஒன்றே ஒன்று என்று.

அவள் பரீட்சையில், ஒரே தொகுதியில் மேலும் கீழுமாக இருக்கும் தனிமங்கள் ஒரே மாதிரி நடந்துகொள்ளும், ஏனெனில் அவற்றின் வெளிக்கூட்டில் உள்ள எலக்ட்ரான்களின் எண்ணிக்கை ஒன்றே என்று எழுதினாள். முழு மதிப்பெண். பிறகு கல்லூரி. பிறகு பள்ளிக்கூட வேலை. இப்போது அதே வாக்கியத்தை அவள் எழுதிப்போடப் பிள்ளைகள் எழுதிக்கொள்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்பா அவளை டீச்சரம்மா என்றுதான் கூப்பிட்டார். அதில் பாதி கேலி, பாதி கேலியில்லை.

அப்பா படுத்து மாதக்கணக்காகியிருந்தது. முதலில் இடுப்பு வலி. பிறகு நடை வாத்து நடையாகியது. ஃபேக்டரி டாக்டர் கால்சியம் மாத்திரை கொடுத்தார். சிறுநீரில் சத்தெல்லாம் போகிறது என்று இந்த ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எலும்பு எக்ஸ்ரேயில் கோடு கோடாக விரிசல். அன்றிரவு அவள் தன் பழைய பாடப்புத்தகத்தை எடுக்கவில்லை, எடுக்கத் தேவையுமில்லை. துத்தநாகம், காட்மியம், பாதரசம் என்று அந்தத் தொகுதி வாய்ப்பாடு மாதிரி அவளுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. மறுநாள் அப்பாவிடம் சொன்னாள். உடம்பில் அந்தப் பவுடர் இருக்கிறதா என்று வெளியூருக்கு அனுப்பிப் பார்க்கலாம், இரத்தமும் சிறுநீரும் கொடுத்தால் போதும்.

"இருந்தா என்ன செய்வ?"

"கேஸ் போடுவேன்."

"யார்மேல? இவனுக்குச் சோறு போடறவன் மேலயா?" என்று தம்பியைக் கண்ணால் காட்டினார். தம்பி அதே ஃபேக்டரியில் லோடிங்கில் ஒப்பந்தக் கூலி. படிப்பு ஏறாதவனை அப்பாதான் கெஞ்சிக் கூத்தாடிச் சேர்த்துவிட்டிருந்தார். "நான் போனப்புறம் அறுத்துக்கூடப் பாரு, யாரு வேண்டாம்னா. இப்ப சும்மா இரு டீச்சரம்மா."

அவள் சும்மா இருந்தாள். ஃபேக்டரியும் அவரை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. லீவு மேல் லீவு கொடுத்துக்கொண்டிருந்தது. அம்மா அதைப் பெருந்தன்மை என்றாள். உடம்பு சரியில்லை என்று வெளியே அனுப்புவதானால் உடம்புக்கு என்ன என்று ஒரு தாளில் எழுதியாக வேண்டுமே என்று அவள் நினைத்தாள். சொல்லவில்லை.

மூச்சு நின்றதும் சிறுநீரக டாக்டர் வந்து பார்த்துவிட்டு, அவளை மட்டும் ஜன்னல் பக்கம் அழைத்தார். நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கு உள்ள பயமும் இருந்தது.

"சர்ட்டிஃபிகேட்ல சிறுநீரகச் செயலிழப்புன்னு போடறேன். அது பொய் இல்ல."

"முழுசும் இல்லையே டாக்டர்."

"முழுசா எழுதக் கையில ஆதாரம் வேணும். பிரேதப் பரிசோதனை கேட்டீங்கன்னா சிறுநீரகத்துல ஒரு துண்டு எடுத்து அனுப்பலாம். நீங்க நினைக்கிறது அதுல இருந்தா, மறைக்க முடியாது. ஆனா நான் கேட்க முடியாது, நீங்கதான் கேட்கணும். நீங்கன்னா, அம்மா. அவங்க இருக்கும்போது அவங்க கையெழுத்துதான். எடுத்துட்டுப் போறதுக்குள்ள சொல்லிடுங்க."

தம்பி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து டாக்டர் சொன்னதைச் சொன்னாள்.

"செத்தவரை இன்னொரு தடவை கொல்லணுமாக்கா?"

"எதனால செத்தாருன்னு தெரிய வேணாமா?"

"தெரிஞ்சு? எழுந்து வந்துடுவாரா?" பிறகு குரல் இறங்கி, "அந்தப் பவுடர் எப்படிக்கா எலும்பை உடைக்கும்? அவரு அதைத் தின்னாரா என்ன?" என்றான்.

அவள் வகுப்பில் பேசுகிற குரல் தன்னிடமிருந்து வருவதைக் கேட்டாள். அதை நிறுத்த முடியவில்லை.

"துத்தநாகம்னு ஒண்ணு இருக்கு. உடம்புக்கு வேணும். கொஞ்சூண்டு போதும், ஆனா வேணும். அட்டவணையில அதுக்கு நேர் கீழ காட்மியம். துத்தநாகத்துக்கு உள்ள முப்பது புரோட்டான், இதுக்கு நாப்பத்தெட்டு. ஆளு பெரிய ஆளு, வேற ஆளு. ஆனா வெளிக்கூட்டுல ரெண்டுக்கும் அதே ரெண்டு எலக்ட்ரான். உடம்பு உள்ள எட்டிப் பாக்காதுடா. வாசல்ல நிக்கிறவன் சட்டையைத்தான் பாக்கும். நம்மாளுன்னு நினைச்சுக் கதவைத் திறந்துடும். மூச்சுல போனாலும் சரி, கையில ஒட்டி வாய்க்குப் போனாலும் சரி. உள்ள வந்தவன் துத்தநாகம் உக்கார வேண்டிய நாற்காலியில உக்காந்துக்குவான். அந்த வேலையும் செய்ய மாட்டான், எழுந்தும் போக மாட்டான்."

"எங்க ஃபோர்மேன் மாதிரி."

சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேருக்கும். எதிரே ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு போனவன் திரும்பிப் பார்த்தான். தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அப்புறம்?"

"சிறுநீரகம் அதைப் பிடிச்சு வெச்சுக்கும். வருஷக்கணக்கா சேத்துச் சேத்து, ஒருநாள் அதுவே கெட்டுப்போகும். கெட்டப்புறம் எலும்புக்குப் போகவேண்டிய சத்தெல்லாம் மூத்திரத்துல ஓடிடும். எலும்பு சுண்ணாம்புக் குச்சியாயிடும்."

"அப்ப அது இப்பவும் அவருக்குள்ள இருக்கு?"

"எரிக்கிற வரைக்கும்."

"எரிச்சா?"

"புகையாப் போயிடும்."

"நான் லோடிங்தானேக்கா. அங்க வர்றப்ப எல்லாம் பெட்டியில அடைச்சுதான் வருது" என்றான். அவள் கேட்கவில்லை, அவனாகச் சொன்னான்.

அப்போதுதான் வெல்ஃபேர் வந்தார். அவர் உத்தியோகத்தின் பெயர் தொழிலாளர் நல அதிகாரி. ஃபேக்டரியில் யாரும் அவ்வளவு நீளமாகச் சொல்வதில்லை. வெல்ஃபேர் வந்தார் என்றால் யாரோ இறந்திருக்கிறார்கள் அல்லது கை போயிருக்கிறது என்று அர்த்தம். பின்னால் இரண்டு பேர் மலர்வளையம் தூக்கி வந்தார்கள். வெல்ஃபேர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கட்டிலருகே போய் நின்று, உண்மையாகவே கண் கலங்கினார். அதை அவள் கவனித்தாள். அது நடிப்பாக இருந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும்.

"ஒரு நாள் லேட்டா வந்ததில்ல" என்றார் அம்மாவிடம். "ஒரு நாள் முகம் சுளிச்சதில்ல. மேலிடத்துலயே எல்லாரும் வருத்தப்பட்டாங்க."

அம்மா தலையசைத்தாள்.

"உங்களை அப்படியே விட்டுட மாட்டோம். சர்வீஸ்ல இருக்கறப்ப போயிருக்காரு. பையன் ஒப்பந்தத்துலதானே இருக்கான். அப்பா இடத்துக்கு நிரந்தரமா எடுத்துக்கலாம்னு சேதி வந்ததுமே பேசிட்டேன். சரின்னுட்டாங்க. உத்தரவு நாலு நாள்ல வந்துடும்."

தம்பி பெஞ்சிலிருந்து எழுந்து வந்து கதவோரம் நின்றிருந்தான். அவன் முகம் மாறியது. மாறுவதை அடக்கப் பார்த்து முடியாமல் போனதையும் அவள் பார்த்தாள். அவன்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. நிரந்தரம் என்ற அந்த ஒரு வார்த்தைக்காக அவன் எத்தனை பேருக்குச் சலாம் போட்டிருக்கிறான்.

"அப்பா இடம்னா, வெள்ளைப் பவுடரா சார்?" என்றாள் அவள்.

"அந்த இடம்தானே டீச்சர் காலியாகுது." அவர் குரலைத் தாழ்த்தினார். "டாக்டர் ஏதோ சொன்னாரு, பரிசோதனை அது இதுன்னு. உங்க விருப்பம், நான் குறுக்க வரலை. ஆனா அது ஆரம்பிச்சா போலீஸ், விசாரணைன்னு இழுக்கும். அதுவரைக்கும் இந்த ஃபைலை யாரும் தொட மாட்டாங்க. அவங்க வழக்கம் அது. நான் எத்தனை வீட்டுல பாத்திருக்கேன். ரெண்டுங்கெட்டானா நின்னுடுவீங்க."

மிரட்டலாக அவர் சொல்லவில்லை. மழை வரும்போல் இருக்கிறது, குடை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுபோல்தான் சொன்னார்.

அம்மா முகம் கழுவ எழுந்து போனாள். அவள் பின்னாலேயே போனாள். பெண்கள் கழிப்பறைக்கு வெளியே நீளமான சிமெண்ட் தொட்டி, வரிசையாகக் குழாய்கள். அம்மா இடது கையால் தண்ணீரை அள்ளி அள்ளி முகத்தில் அடித்தாள். பாதி மாவுக்கட்டின்மேல் தெறித்தது.

"கையெழுத்துப் போடும்மா. இடது கையால கிறுக்கினாப் போதும்."

"வேண்டாம்."

"அவரே சொன்னாரும்மா, நான் போனப்புறம் அறுத்துப் பாருன்னு."

"அவரு எதைத்தான் விளையாட்டா சொல்லலை."

அவள் அதை இன்று சொல்லக் கூடாது என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் வேறு ஒன்றும் கையில் இல்லை.

"உன் கை எப்படி முறிஞ்சுது?"

"உனக்குத் தெரியாதா? வாளியை இறக்கி வெச்சேன்."

"வாளியை இறக்கி வெச்சா யாருக்காவது மணிக்கட்டு முறியுமா?"

"வயசாச்சு."

"அம்மா, தினம் தினம் அவர் சட்டையை உதறினது யாரு? அந்தத் தூசில நின்னது யாரு? அது அவருக்குள்ள மட்டும் போகலை. உனக்கும் பாக்கணும். உன் மூத்திரத்தையும் கொடுத்துப் பாக்கணும்."

அம்மா குழாயை மூடினாள். அது முழுதாக மூடவில்லை. சொட்டிக்கொண்டிருந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கொஞ்ச வருஷமா நான் துவைக்கலை" என்றாள்.

"என்னம்மா?"

"நீ வேலைக்குச் சேந்த சமயம். அவர்கூடப் பவுடர்ல இருந்த ஒருத்தர் செத்துப்போனாரு. அந்த வாரம்தான். சாவு வீட்டுக்குப் போயிட்டு வந்தவரு, இனிமே சட்டையை நான் அங்கயே அலசிட்டு வந்துடறேன்னாரு. ஏன்னு கேட்டேன். உனக்குத் துவைக்கத் தெரியலைன்னாரு. கல்யாணம் ஆகி வந்த அன்னைலேர்ந்து துவைச்சவளைப் பாத்து." அம்மா முந்தானையால் முகத்தை ஒற்றினாள். "எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஒரு மாசம் முகம் குடுத்துப் பேசலை. அதுக்கப்புறமும் மனசு விட்டுப்போச்சு. சட்டையைத் துவைக்கக்கூட லாயக்கில்லாதவள்னு நினைச்சுட்டாரேன்னு. இத்தனை வருஷமும் அதையே நினைச்சிட்டிருந்தேன்."

"எதுக்குன்னு அவர் சொல்லவே இல்லையா?"

"சொல்லலையே." அம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். "இப்ப நீ சொல்லித்தான் தெரியுது."

தொட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் குழந்தைக்குக் கால் கழுவிக்கொண்டிருந்தாள். குழந்தை தண்ணீரை உதைத்துச் சிரித்தது. அவளுக்குள் துக்கத்தைத் தள்ளிக்கொண்டு வேறொன்று வந்தது. அவருக்குத் தெரிந்திருக்கிறது. சட்டையை அலசத் தெரிந்திருக்கிறது. மறுநாள் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு அதே மூட்டையைப் பிரிக்கவும் தெரிந்திருக்கிறது. படத்தைக் காட்டி ஒன்றே ஒன்று என்று சிரித்த அதே வாயை வைத்துக்கொண்டு யாரிடமும் மூச்சு விடாமல் இருக்கவும் தெரிந்திருக்கிறது.

"இப்ப போடு கையெழுத்தை" என்றாள்.

"அவரு மூடி வெச்சதை நான் எதுக்குத் திறக்கணும்? செத்தவருக்கு வலிக்காது, சரி. உயிரோட இருக்கறவன் ஒருத்தன் கதவோரம் நிக்கிறானே, அவன் மூஞ்சியைப் பாத்தியா நீ?"

"அவனை அதே தொட்டியில இறக்கப் போறாங்கம்மா."

அம்மா சொட்டும் குழாயை மறுபடி இறுக்கினாள். "அவன் ஜாக்கிரதையா இருப்பான்" என்றாள். பிறகு, அதை அவளே நம்பாததுபோல், "வேற என்ன தெரியும் அவனுக்கு?" என்றாள்.

வார்டுக்குத் திரும்பும்போது அவள் முடிவு செய்துவிட்டிருந்தாள். அது முடிவா, தோல்வியா என்று பிரித்துப் பார்க்கவில்லை. வெல்ஃபேர் படிக்கட்டு முகப்பில் நின்று வண்டிக்கு ஃபோன் பண்ணிக்கொண்டிருந்தார். பேசி முடிக்கும்வரை நின்றாள்.

"சார், பரிசோதனை கேட்கலை."

"அம்மா நல்ல முடிவுதான் எடுத்திருக்காங்க."

"அம்மா இல்ல, நான். ஒண்ணு மட்டும். தம்பிக்குப் பவுடர் வேண்டாம். ஸ்டோர்ஸ், கேட், லோடிங், எதுவா இருந்தாலும் சரி. பவுடர் மட்டும் கூடாது. அது நடக்கலைன்னா இப்பவே டாக்டர்கிட்ட போறேன்."

அம்மா மறுத்தது தெரியாத வெல்ஃபேர் அவளைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். "டீச்சர், நான் உங்ககிட்ட எதுவும் கேட்கலையே."

"நீங்க கேட்கலை. நான் சொல்றேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஜன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு யாரிடமோ பேசினார். ஒரு முறை "ஆமா சார், பொண்ணுதான்" என்றது கேட்டது. திரும்பி வந்து, "ஸ்டோர்ஸ்ல போட்டுடலாம்னுட்டாங்க" என்றார்.

"எழுதிக் குடுப்பீங்களா?"

"இன்னைக்கு எழுதற நாளா டீச்சர்?"

டாக்டர் சர்ட்டிஃபிகேட்டைக் கொடுத்தபோது அவள் முகத்தைப் பார்த்தார். கேட்கவில்லை. அவரும் கொஞ்சம் நிம்மதியானதுபோல் இருந்தது. தாளில் சிறுநீரகச் செயலிழப்பு என்று அழகான கையெழுத்தில் இருந்தது. பொய் இல்லை.

வீட்டுக்குக் கொண்டுபோய்க் கூடத்தில் கிடத்தினார்கள். அட்டவணை மாட்டிய சுவருக்கு நேர் கீழேதான் இடம் இருந்தது. தெருவில் எல்லோரும் வந்தார்கள். "மாவுமில்லு மாதிரி மனுஷன் கிடைக்க மாட்டான்" என்றார் டீக்கடைக்காரர். ஃபேக்டரியிலிருந்து வந்தவர்கள் வாசலில் கும்பலாக நின்றார்கள். அவர்களில் பவுடர் பிரிவு ஆட்கள் யாரென்று அவளுக்குச் சொல்லாமலே தெரிந்தது. அவர்கள் நின்ற விதத்தில், உட்கார இடம் தேடிய விதத்தில். அவர்கள் அப்பாவின் இடுப்பைத்தான் பார்த்தார்கள், முகத்தை அல்ல. ஒருவர் அவளிடம் வந்து, "ரொம்ப வலியாம்மா கடைசியில?" என்று கேட்டார். அனுதாபத்தில் கேட்டதுபோல் இல்லை. வழி விசாரிப்பவர் கேட்பதுபோல் இருந்தது.

"இல்ல" என்றாள். "தூக்கத்துலயே போயிட்டாரு."

அவர் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்தார்.

வெயில் சாயும் நேரத்தில் மின்மயானத்துக்குப் போனார்கள். ஊருக்கு வெளியே, குட்டையான ஒரு கட்டடம். உயரமான புகைபோக்கி. உள்ளே தள்ளி இரும்புக் கதவை இறக்கியதும் இயந்திரக்காரர் எல்லோரையும் வெளியே நிற்கச் சொன்னார். அம்மா வேனிலேயே உட்கார்ந்திருந்தாள். அவளும் தம்பியும் மதில் ஓரமாக நின்றார்கள். புகைபோக்கியில் முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு வந்ததும் மிக மெல்லியதாக, வெயிலில் காற்று நெளிவதுபோல்தான் இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்தது.

"அக்கா" என்றான் தம்பி. "கோவிச்சுக்காத."

அவள் திரும்பினாள்.

"வெல்ஃபேர் ஸ்டோர்ஸ்னு சொன்னாரு. நீ பேசினியாமே."

"ஆமா."

"நான் அவரைத் தனியா பாத்து வேண்டாம்னுட்டேன். அப்பா இடத்தையே குடுங்கன்னுட்டேன்."

அவளுக்கு முதலில் அந்த வாக்கியம் புரியவில்லை.

"ஸ்டோர்ஸ்ல தூசிப்படி கிடையாதுக்கா. பவுடர்ல மாசாமாசம் சம்பளத்தோட தனியா போட்டுக் குடுப்பாங்க. அந்தப் படி இல்லாம எப்படி? அம்மா கை வேற இப்படி ஆயிருக்கு, அதுக்கு வைத்தியம் பாக்கணும். எனக்குன்னு ஒரு குடும்பம் ஆக வேணாமா? நீ படிச்சுட்ட. நீ போயிட்ட." அவன் குற்றம் சொல்லவில்லை. அந்தக் குரலே அவனுக்கு இல்லை. "அப்பா அந்தப் படியிலதானே உன்னைப் படிக்க வெச்சாரு."

"நான் ஆஸ்பத்திரியில சொன்னதெல்லாம் உன் காதுல விழலையா?"

"விழுந்துச்சு. நல்லாப் புரிஞ்சுது. நீ நல்லாத்தான் சொல்லித் தர்ற." அவன் புகைபோக்கியைப் பார்த்தான். "அஞ்சாறு வருஷம் பாப்பேன். அப்புறம் மாத்திக் கேட்டுக்குவேன். முகமூடியெல்லாம் இப்ப நல்லதா வந்திருக்காம்."

அவளிடம் சொல்வதற்கு நிறைய இருந்தது. நான் எதை விற்று உனக்கு அந்த ஸ்டோர்ஸ் இடத்தை வாங்கினேன் தெரியுமா என்று கேட்கலாம். கேட்டால், அப்பா எதை விற்று உன்னைப் படிக்க வைத்தார் பார் என்று அவன் புகைபோக்கியைக் காட்டுவான். தம்பி அவள் கையைத் தொட வந்து, தொடாமல், சட்டைப்பையில் கையை விட்டுக்கொண்டான்.

உள்ளே இன்னும் நேரமாகும் என்று இயந்திரக்காரர் வந்து சொல்லிவிட்டுப் போனார். அப்போது ஃபேக்டரி வண்டி ஒன்று வாசலில் வந்து நின்றது. வெல்ஃபேர் இறங்கினார். பெரிய அட்டைப் பெட்டி நிறையச் சாப்பாட்டுப் பொட்டலங்கள். "காலையிலேர்ந்து யாரும் ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க" என்று சொல்லி, அவரே ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துக்கொண்டு வந்தார். தம்பி வாங்கிக்கொண்டு மதில்மேல் உட்கார்ந்தான். வேனுக்குள் அம்மா பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் நூலைப் பிரிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து நூலை அவிழ்த்துக் கொடுத்தாள். சோறு இன்னும் சூடாக இருந்தது. அம்மா இடது கையால் மெதுவாகச் சாப்பிட ஆரம்பித்தாள். கொஞ்சம் சிந்தியது. "நீயும் சாப்பிடு" என்றாள் தலையை நிமிர்த்தாமல்.

அவள் தன் பொட்டலத்தைப் பிரித்தாள். வேண்டாம் என்று வைத்துவிடத்தான் நினைத்தாள். வாசனை மூக்கில் ஏறியதும் பசி தெரிந்தது. ஒரு கவளம் எடுத்தாள். பிறகு வேகமாகச் சாப்பிட்டாள். உப்பும் காரமும் சரியாக இருந்தன. நிமிர்ந்தபோது வெல்ஃபேர் வேன் கதவருகே நின்றிருந்தார்.

"இன்னும் ரெண்டு மூணு இருக்கு டீச்சர். வேணுமா?"

வாய் நிறையச் சோறு இருந்தது. அவள் கையை மட்டும் நீட்டினாள்.